இந்திய மின்னணு இசை

இந்திய மின்னணு இசை என்பது, ஒலியை உருவாக்குவதற்கோ மாற்றியமைப்பதற்கோ மின்னணுக் கருவிகளை முதன்மையாகக் கொண்டு இந்தியாவிலும் இந்திய வழிவந்தோராலும் ஆக்கப்பட்ட இசையாகும். ஈழத்து வழக்கில் இது இலத்திரனியல் இசை எனப்படுகிறது. இவ்விசை 1990களில் மேற்கிலிருந்து இந்தியாவுக்கு வந்தது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. ஆனால் 1969 இலேயே அகமதாபாத்தில் மின்னணு இசைக்கான தனி ஒலிக்கூடம் இயங்கியது. 1982 இல் மும்பையில் பதிவு செய்யப்பட்ட ஓர் இசைத்தட்டு, பின்னாளில் அமெரிக்காவில் தோன்றிய ஒரு நடன இசை வகையை வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தது. இவை ஆக்கப்பட்ட காலத்தில் பரவலாகக் கேட்கப்படவில்லை. பல ஆண்டுகள் கழித்தே கண்டெடுக்கப்பட்டன. தமிழ்நாட்டிலோ மின்னணு இசை திரைப்பாடல் வழியாக உடனுக்குடன் மக்களைச் சென்றடைந்தது. எனினும், அது தனி இசை வகையாக அடையாளம் காணப்பட்டது குறைவு.

சொல்லும் பொருளும்

மின் இசைக்கருவியும் மின்னணு இசைக்கருவியும் வேறானவை. மின் கித்தாரில் கம்பியே அதிர்கிறது. அந்த அதிர்வு மின்குறிப்பாக மாற்றப்பட்டுப் பெருக்கப்படுகிறது. உ. சீனிவாசன் கருநாடக இசையில் கையாண்ட மின் மாண்டலினும் இவ்வகையைச் சேர்ந்ததே. மின்னணுக் கருவியிலோ அதிரும் கம்பியோ தோலோ காற்றுத்தம்பமோ இல்லை. மின்சுற்று ஒன்று அலைவை உண்டாக்க, அதுவே ஒலிபெருக்கி வழியாக ஒலியாகிறது.

இவ்வேறுபாட்டின்படி நோக்கினால், தென்னிந்தியாவில் மிகுதியாகக் கேட்கப்படும் மின்னணுக் கருவிகளுள் ஒன்று மின்னணுச் சுருதிப்பெட்டி ஆகும். தம்புராவின் இடத்தில் இது கச்சேரி மேடைகளிலும் இசை பயிலும் வீடுகளிலும் நெடுங்காலமாக ஒலித்து வருகிறது. தம்மை மின்னணு இசைக்கு அயலவர் எனக் கருதும் கேட்போரும் அதன் தொடர் ஒலிக்கு முன்னரே பழகியவர்களே.

தொழில்நுட்பப் பின்னணி

உருசியரான லெவ் தெரெமின் 1920 அளவில், கையால் தொடாமலே இசைக்கக்கூடிய தெரெமின் என்னும் கருவியை உருவாக்கினார். 1948 இல் பாரிசு நகரில் பியேர் சேஃபர் இயற்கை ஒலிகளைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி இசையாக்கும் முறையைத் தொடங்கினார். 1964 இல் அமெரிக்கப் பொறியாளரான ராபர்ட் மூக், மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்தப்படும் சிந்தசைசர் என்னும் ஒலித்தொகுப்பியை அறிமுகப்படுத்தினார்.

ஒலித்தொகுப்பியின் அடிப்படை உறுப்புகள் மூன்று. அலையாக்கி ஒலியலையை உண்டாக்குகிறது. வடிப்பி அவ்வலையிலுள்ள சில அதிர்வெண்களைக் குறைத்து ஒலியின் நிறத்தை மாற்றுகிறது. பெருக்கி ஒலி எவ்வளவு விரைவாக எழுந்து எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. சுரவரிசையை நினைவில் வைத்துத் தானே மீட்டும் சீக்குவென்சர், தாளத்தை மீட்டும் தாளப்பொறி ஆகியவை பின்னர் இவற்றுடன் இணைந்தன. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் மிடி என்னும் பொதுநெறி 1983 இல் நடைமுறைக்கு வந்தது.

தொடக்கம்

இந்தியத் திரையிசையில் மின்னணுக் கருவி பெற்ற முதல் பெரும் வெற்றிகளுள் ஒன்று 1954 இல் வெளிவந்த நாகின் என்ற இந்தித் திரைப்படமாகும். அதன் இசையமைப்பாளர் ஏமந்த குமார். அப்படத்தின் புகழ்பெற்ற மகுடி ஓசை உண்மையான மகுடியிலிருந்து பிறந்ததன்று. கிளாவியோலின் என்ற மின்னணு விசைக்கருவியைக் கல்யாண்ஜியும், ஆர்மோனியத்தை இரவியும் வாசித்து அதனை உருவாக்கினர். இவ்விருவரும் பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளர்கள் ஆயினர். பாம்பாட்டியின் இசை இப்படித்தான் இருக்கும் என்று பல தலைமுறையினர் மனத்தில் பதிந்த ஓசை ஒரு மின்னணுக் கருவியின் ஓசை என்பது குறிப்பிடத்தக்கது.

அகமதாபாத் ஒலிக்கூடம்

அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961 இல் தொடங்கப்பட்டது. அதன் உருவாக்கத்தில் கௌதம் சாராபாய், கிரா சாராபாய் ஆகியோர் முதன்மைப் பங்கு வகித்தனர். இவர்களின் உடன்பிறந்தவரான கீதா சாராபாய் (1922–2011) பக்காவஜ் எனப்படும் வட இந்திய முழவை வாசித்த கலைஞர். 1946 இல் நியூயார்க் நகரில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜைச் சந்தித்த இவர், அவருக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடம் மேற்கத்திய நவீன இசையைக் கற்றார்.

இத்தொடர்பின் வழியாக, கேஜின் நெருங்கிய இசைத்தோழரான டேவிட் டியூடர் 1969 இல் அகமதாபாத் வந்து, மூக் ஒலித்தொகுப்பியையும் ஒலிநாடாக் கருவிகளையும் கொண்டு ஒலிக்கூடம் ஒன்றை அமைத்தார். அங்கு கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் இசையாக்கத்தில் ஈடுபட்டனர். மாத்தூரின் ஆக்கங்களுள் ஒன்று பறவைகளைத் தலைப்பாகக் கொண்டது. சர்மா நடன இசை என்ற தலைப்பில் ஒரு வரிசையை உருவாக்கினார். ஜோஷிபுராவின் ஆக்கம் விண்வெளிப் பயணத்தைக் கற்பனை செய்தது.

இவை திரைப்படத்துக்காகவோ விற்பனைக்காகவோ உருவானவை அல்ல. 1970களின் முற்பகுதியில் ஒலிக்கூடத்தின் பணி ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் தங்கின. ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, இலண்டனைச் சேர்ந்த கலைஞரும் இசைக்கலைஞருமான பால் பர்காஸ் காப்பகத்தில் அந்நாடாக்களைக் கண்டார். இவ்வரலாற்றைக் கூறும் அவருடைய வானொலி ஆவணப்படைப்பு 2020 இல் பிபிசியில் ஒலிபரப்பானது. 1969 முதல் 1972 வரையிலான ஆக்கங்களின் தொகுப்பு 2023 இல் வெளியிடப்பட்டது. மாணவப் பருவத்தில் ஜோஷிபுரா ஆக்கிய இசை, அவர் முதுமையை எட்டிய பின்னரே பொதுமக்கள் செவியை அடைந்தது.

சரண்ஜித் சிங்

அகமதாபாத் நாடாக்கள் வெளியிடப்படாமல் மறைந்தவை. மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டோ வெளியிடப்பட்டும் மறைந்தது. இவர் இந்தித் திரையிசைக் குழுக்களில் கித்தார், விசைக்கருவிகள் ஆகியவற்றை வாசித்தவர். எஸ். டி. பர்மன், ஆர். டி. பர்மன், சங்கர்–ஜெய்கிஷன், லட்சுமிகாந்த்–பியாரேலால் முதலியோரிடம் பணியாற்றினார்.

1980களின் தொடக்கத்தில் இந்தித் திரையிசையில் டிஸ்கோ தாளம் பெருவழக்காயிற்று. அத்தாளத்தோடு இந்துஸ்தானி இராகங்களை இணைக்க எண்ணிய சரண்ஜித் சிங், அப்போது புதிதாக வந்திருந்த மூன்று ரோலண்டு கருவிகளைப் பயன்படுத்தினார். டிஆர்-808 தாளத்துக்கும், டிபி-303 தாழ்சுர வரிசைக்கும், ஜூப்பிட்டர்-8 இராக ஆலாபனைக்கும் உதவின. டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்கள் என்று பொருள்படும் தலைப்பில் எச்.எம்.வி நிறுவனம் இதனை இசைத்தட்டாக வெளியிட்டது. அது பெரிய அளவில் விற்பனையாகவில்லை.

டிபி-303 கருவி 1984 இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பயன்படுத்திய நிலையில் மலிவாகக் கிடைத்த அக்கருவிகளை அமெரிக்காவின் சிக்காகோ நகர இளைஞர்கள் வாங்கினர். 1987 இல் பியூச்சர் என்ற குழுவின் இசைத்தட்டின் வழியாக, ஆசிட் அவுஸ் எனப்படும் நடன இசை பரவத் தொடங்கியது. வடிப்பியின் அளவை இசை நடக்கும்போதே மாற்றி, ஒலியை நெளியச் செய்வது இதன் அடையாளம்.

நெதர்லாந்தைச் சேர்ந்த இசைத்தட்டுச் சேகரிப்பாளர் ஏடோ பவுமன் 2002 இல் தில்லியில் சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டைக் கண்டெடுத்தார். பின்னர் மும்பையில் அவரையே தேடிச் சந்தித்தார். 2010 இல் இசைத்தட்டு மறுபதிப்பாயிற்று. சிக்காகோ இசைக்கு ஐந்து ஆண்டுகள் முந்தியது என்பதை நம்ப இயலாத சிலர், இது பிரித்தானிய இசைக்கலைஞர் ஒருவர் புனைந்த ஏமாற்று வேலை என்றும் ஐயுற்றனர். தம் எழுபது வயதளவில் சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் அவ்விசையை நேரடியாக வாசித்தார். 2015 சூலையில் மும்பையில் காலமானார்.

இவரை ஆசிட் அவுஸ் இசையின் தந்தை எனச் சிலர் எழுதினர். முந்தியது என்பதும் மூலம் என்பதும் ஒன்றல்ல. சிக்காகோ இளைஞர்கள் இவ்விசைத்தட்டைக் கேட்டதற்குச் சான்றில்லை. ஒரே கருவி இரு வேறு நாடுகளில் இரு வேறு தேவைகளுக்குப் பயன்பட்டு ஒத்த ஓசையைத் தந்தது என்பதே பொருத்தமான விளக்கமாகும். டிபி-303 இல் ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. இந்திய இசையில் அத்தகைய வழுக்கல் இன்றியமையாதது என்பதால், அக்கருவியின் இவ்வியல்பு இராகத்துக்கு இயல்பாகப் பொருந்தியது.

பத்து இராகங்கள்

கருநாடக இசைக்குப் பழகிய செவிக்கு இவ்விசைத்தட்டை அணுகுவது எளிது. இதிலுள்ள இராகங்களில் பலவற்றுக்கு இணையானவை அல்லது நெருங்கியவை கருநாடக இசையில் உள்ளன.

* பூபாளி – மோகனம்
* மால்கௌன்ஸ் – இந்தோளம்
* யமன் – கல்யாணி
* கலாவதி – வலஜி
* பைராகி – ரேவதி
* தோடி – சுபபந்துவராளி
* மேக் மல்கார் – மத்தியமாவதிக்கு நெருங்கியது
* மதுவந்தி – தர்மவதியின் சுரங்களைச் சார்ந்தது
* பைரவ் – மாயாமாளவகௌளை
* லலித் – இரு மத்தியமங்களை உடையது, பஞ்சமம் அற்றது

பெயர் ஒற்றுமையால் மயங்குதல் கூடாது. இந்துஸ்தானித் தோடி வேறு, கருநாடகத் தோடி வேறு. அவ்வாறே இந்துஸ்தானிப் பூபாளி, கருநாடகப் பூபாளம் அன்று.

தமிழ்த் திரையிசை

தமிழ்நாட்டில் மின்னணு இசை, கதையும் பாடலும் கொண்ட திரைப்படத்தினுள் பொதிந்து வந்தது. 1970களில் விசைக்கருவிகளும் ஒலித்தொகுப்பிகளும் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் இடம்பெற்றன. மலையாளத் திரையிசையமைப்பாளரான ஆர். கே. சேகர் 1976 இல் மறைந்த பின், அவரது இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டு அவர் குடும்பம் வாழ்ந்தது. அவருடைய மகனே பின்னாளில் ஏ. ஆர். ரகுமான் என அறியப்பட்டார். இறக்குமதிக் கருவிகள் அரிதாகவும் விலை உயர்ந்தும் இருந்தமையாலேயே வாடகை ஒரு வருவாய் வழியாக அமைந்தது.

இளையராஜாவின் இசைக்குழுவில் விஜி மேனுவல் விசைக்கருவிகளை வாசித்தார். 1986 இல் வெளிவந்த விக்ரம், புன்னகை மன்னன் ஆகிய படங்களில் மின்னணு ஒலி முன்னிலை பெற்றது. கே. பாலசந்தர் இயக்கிய புன்னகை மன்னன் படத்தின் இசையில் கணினி வழிச் சீக்குவென்சர் பயன்படுத்தப்பட்டது. இந்தியத் திரையிசையில் இதுவே முதல் முறை எனவும், அப்பணியில் இளைஞரான ரகுமான் பங்கேற்றார் எனவும் கூறப்படுகிறது. அப்படத்தின் சொற்களற்ற கருப்பொருள் இசை, பாடல்களுக்கு இணையாகப் புகழ்பெற்றது. பாடகர் இல்லாத மின்னணு ஆக்கம் ஒன்றைத் தமிழ் மக்கள் விரும்பிக் கேட்டதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

ரகுமான் 1980களின் இறுதியில் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டிச் சொந்த ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். முழு இசைக்குழுவும் ஒரே கூடத்தில் அமர்ந்து வாசிக்கும் முறைக்கு மாறாக, ஒலிகளை ஒவ்வொன்றாக அடுக்கி இசையாக்கும் முறை அங்கு வளர்ந்தது. மணிரத்னம் இயக்கிய ரோஜா (1992) திரைப்படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. திருடா திருடா (1993), காதலன் (1994) ஆகிய படங்களின் பாடல்கள் மின்னணுத் தாளங்களைச் சிற்றூர்த் திருமணப் பந்தல்கள் வரை கொண்டு சேர்த்தன. 2008 இல் அவர் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் இசைத் தொழில்நுட்பமும் கற்பிக்கப்படுகிறது.

இம்மாற்றத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஒரு விசைக்கருவி பல வயலின்களின் ஒலியைத் தர இயன்றபோது, நாள் கூலியை நம்பிய இசைக்குழுக் கலைஞர்கள் பலருக்கு வாய்ப்புக் குறைந்தது. மின்னணு இசையின் வரலாற்றை எழுதும்போது இவ்விழப்பையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

புலம்பெயர் தமிழர்

எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் 1975 இல் இலண்டனில் பிறந்து, இளமையின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் கழித்தவர். 2005 இல் வெளிவந்த அவரது முதல் இசைத்தொகுப்பு அருளர் ஆகும். ரோலண்டு எம்சி-505 என்ற ஒரே பெட்டியிலான தாள இசைக்கருவி அதன் உருவாக்கத்தில் பெரிதும் பயன்பட்டது. 2007 இல் வெளிவந்த கலா என்ற தொகுப்பில் உறுமி மேளத்தின் ஒலி மின்னணுத் தாளத்துடன் இணைந்தது. அதிலுள்ள பறவைக் காய்ச்சலைத் தலைப்பாகக் கொண்ட பாடல், ஜெயம் (2003) படப்பாடலின் ஒலிக்கூறு ஒன்றை எடுத்தாண்டது. அதன் காணொளி இராமேசுவரத்துக் கடற்கரையில் படமாக்கப்பட்டது. தமிழ்நாட்டுத் தெருக்களில் அன்றாடம் கேட்ட மேளம், இலண்டன் வழியாக உலக நடன அரங்குகளுக்குச் சென்றது.

புதிய இசை கேட்போரை அடைந்த வழிகள்

புதிய இசையைக் கண்டறிவது கேட்பவரின் ஆர்வத்தை மட்டும் பொறுத்ததன்று. அது எந்த ஊடகத்தில் எவர் கைக்கு வந்தது என்பதையும் பொறுத்தது.

1970கள் வரை இசைத்தட்டும் வானொலியுமே வழிகளாக இருந்தன. 1980களில் ஒலிநாடா பரவியது. விரும்பிய பாடல்களை வெற்று நாடாவில் பதிந்து தரும் கடைகள் தமிழக நகரங்களில் பெருகின. பர்மாவிலிருந்து திரும்பியோருக்காக 1969 இல் சென்னையில் உருவான பர்மா பஜார் வெளிநாட்டு ஒலிநாடாக்களும் கருவிகளும் கிடைக்கும் இடமாக விளங்கியது. வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியோர் கொண்டுவந்த டேப் ரெக்கார்டர்கள் சிற்றூர்களுக்கும் புதிய ஓசைகளைச் சேர்த்தன.

ஒலிநாடா உறையில் பெரும்பாலும் படம், இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் பெயர்களே இருந்தன. கருவியை வாசித்தவர் பெயர் இல்லை. ரகுமானின் வெளியீடுகளில் கருவிக் கலைஞர்களின் பெயர்கள் அச்சிடப்பட்டது இதனாலேயே முக்கியத்துவம் பெறுகிறது. பெயர் தெரிந்தால் அக்கலைஞரின் பிற ஆக்கங்களைத் தேட இயலும். பெயர் இல்லையெனில் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

இணைய இசைச் சேவைகள் பரவிய பின் கோடிக்கணக்கான ஆக்கங்கள் எளிதில் கிடைக்கின்றன. எனினும், இச்சேவைகள் ஒருவர் முன்பு கேட்டவற்றைக் கொண்டே அடுத்தவற்றைப் பரிந்துரைக்கின்றன. எவரும் பதிவேற்றாததையும் பெயரிடாததையும் அவை காட்டுவதில்லை. அகமதாபாத் நாடாக்களும் சரண்ஜித் சிங்கின் தட்டும் மனிதர் ஒருவர் அலமாரியிலோ கடையிலோ கையால் தேடியதால் கிடைத்தவை.

கேட்டு நுகர்தல்

மின்னணு ஆக்கங்களில் பாட்டுவரியோ பாடும் குரலோ இல்லாதபோது, பழக்கமற்ற செவிக்கு அவை ஒரே ஓசை திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்றும். கேட்கும்போது பின்வருவனவற்றைக் கவனித்தல் உதவும்.

* ஒலிநிறம்: சுரம் மாறாதபோதும் வடிப்பியால் ஒலி மங்குவதும் ஒளிர்வதும். தம்புராவின் ஒரே சுருதிக்குள் மேற்சுரங்கள் எழுவதைக் கேட்கும் பழக்கம் இங்கு பயன்படும்.
* அடுக்கு: ஒரு தாளம் அல்லது சுரவரிசை எப்போது சேர்கிறது, எப்போது விலகுகிறது என்பது.
* மீள்வரவு: ஆவர்த்தனம் போன்று சுழலும் வரிசையில் நிகழும் சிறு மாற்றங்கள்.
* வழுக்கல்: சுரங்களுக்கிடையே ஒலி செல்லும் விதம். சாதாரண விசைப்பலகையில் சுரங்கள் தனித்தனியாக நிற்பதால் கமகம் அரிது. சுரத்தை வளைக்கும் சக்கரத்தின் துணையால் கே. சத்யநாராயணன் போன்ற கலைஞர்கள் கருநாடக இசையையும் விசைப்பலகையில் வாசிக்கின்றனர்.

சிறிய கைப்பேசி ஒலிபெருக்கிகள் தாழ்ந்த அதிர்வெண்களைத் தருவதில்லை. மின்னணு நடன இசையின் அடித்தளம் அவ்வதிர்வெண்களிலேயே அமைந்திருப்பதால், நல்ல காதொலிப்பான் வழியாகவோ பெரிய ஒலிபெருக்கி வழியாகவோ கேட்டால்தான் அதன் முழு உருவம் விளங்கும்.

பாதுகாப்பும் உரிமையும்

காந்த ஒலிநாடா நிலையானதன்று. காந்தப்பொடியை நாடாவுடன் பிணைக்கும் பசை ஈரப்பதத்தை உறிஞ்சிச் சிதைகிறது. அத்தகைய நாடாவை ஓட்டினால் பசை கருவியில் ஒட்டிக்கொள்ள, பதிவு அழியக்கூடும். கடலோர நகரங்களின் ஈரக்காற்றில் பூஞ்சையும் படர்கிறது. ஆதலால் பழைய நாடாவைச் சோதிக்காமல் ஓட்டிப் பார்ப்பது தவறு. தேர்ந்தவர் துணையுடன் எண்ணிம வடிவுக்கு மாற்றுவதே முறையாகும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி (1957), ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. 1980களில் வெளியான பதிவுகளின் உரிமை 2040கள் வரை தொடரும். நாடாக்களின் ஆயுள் அதுவரை நீடிக்கும் என்பதற்கு உறுதியில்லை. உரிமையாளர்கள் மறுவெளியீடு செய்யாத பதிவுகளின் நாடாவும் உறையும் தனியார் சேகரிப்புகளிலேயே எஞ்சியிருக்கக்கூடும். அவற்றை வாசித்தவர்களின் பெயர்களையும் ஆண்டையும், அக்கலைஞர்கள் வாழும் காலத்திலேயே கேட்டுப் பதிந்து வைப்பது இவ்வரலாற்றின் முதன்மைத் தேவையாகும்.

இவற்றையும் பார்க்க

* தமிழ்த் திரையிசை
* ஒலித்தொகுப்பி
* இந்துஸ்தானி இசை
* கருநாடக இசை
* உறுமி மேளம்